வள்ளிநாயகி அடித்த பச்சை

சுஜீந்திரன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எந்தக் கப்பலை எந்தத் துறையில் எத்தனை மணிக்குக் கட்டுவது என்று அட்டவணை போடுகிற வேலை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றார். ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. பக்கத்துத் தீவு புலாவ் உபினுக்குப் படகில் போனாலே வாந்தி எடுக்கிற ஆள். அவருக்குப் பிடித்த கப்பலெல்லாம் மேசை மேல் நிற்கிற கப்பல்தான்.

அவரிடம் பதினொரு கப்பல்கள் இருந்தன. ஈயக் கலவையில் வார்த்தவை, ஒவ்வொன்றும் என் ஆள்காட்டி விரல் நீளம். அவற்றின் மேல் அவர் மனைவி வள்ளிநாயகி சாவதற்கு முன்பு அடித்த பெயின்ட் இருந்தது. அதை நான் சுரண்டி எடுத்துவிட்டேன். தெரியாமல் செய்ததுதான். தெரியாமல் செய்தேன் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் ஒன்றும் திரும்பி வருவதாகக் காணோம்.

நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாகப் பெயின்ட் அடிக்கிறேன். தொடக்கநிலை ஆறோடு படிப்பு முடிந்தது. நிஜக் கப்பலின் வயிற்றில் கிரிட் என்கிற கரடுமணலைப் பீச்சியடித்துத் துருவெடுத்து, வெறும் இரும்பாக்கி, பிரைமர் போட்டு, அதன் மேல் கோட் கோட்டாக அடிப்பது என் வேலை. பத்து வருடத்துக்கு முன்பு லிட்டில் இந்தியாவில் அப்துல் முத்தலிப் பாயின் துணிக்கடைக்குச் சட்டைத்துணி எடுக்கப் போனேன். மாடியில் ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது. என்ன பாய், மேலே சண்டையா என்றேன்.

"சண்டைதான். வந்து பாரு" என்று கூட்டிக்கொண்டு போனார்.

துணி வெட்டுகிற இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் விற்காமல் கிடந்த நீல லைனிங் துணியை விரித்திருந்தார்கள். அதுதான் கடல். அதன் மேல் குட்டிக் குட்டிப் போர்க்கப்பல்கள். தாயக்கட்டை மாதிரி பகடை உருட்டி, தையல் நாடாவால் தூரம் அளந்து, சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடிபட்ட கப்பலின் மேல் பஞ்சு வைத்தால் புகை. மூன்று அடி விழுந்தால் கப்பல் மூழ்கிவிடும், துணிக்கு வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். நாலைந்து பேர், எல்லாரும் நரைத்தவர்கள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் ஒரு கப்பலை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் அவ்வளவு சீராக அடித்திருந்தது. பீரங்கிக் குழாய் தலைமுடி கனம், அதிலும் ஒரு சொட்டு வழியவில்லை.

"யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றார் ஓரத்தில் கண்ணாடி போட்டிருந்தவர். அவர்தான் சுஜீந்திரன். அடுத்த ஞாயிறு நானும் போனேன். அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதில்லை.

விளையாட்டில் அவர் ஒரு மாதிரி. நாங்கள் எல்லாம் முட்டி மோதுகிறவர்கள். அவர் அப்படியில்லை. ஒரு கப்பலுக்கு ஒரு அடி விழுந்தால் போதும், உடனே திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஜெயிக்கிற ஆட்டத்தையும் அதனால் தோற்பார்.

"அண்ணே, ஒரு கப்பல் போனா போகட்டும் லா, நடுவுல பூந்து அடிங்க" என்று பாய் கத்துவார்.

"அதில முந்நூறு பேர் இருக்கினம்" என்பார் அவர்.

"எங்க இருக்காங்க? ஈயம்ண்ணே அது!"

சிரிப்பார். கப்பலைத் திருப்பிவிடுவார்.

அவர் வீடு காத்தோங்கில், செண்பக விநாயகர் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். நான் போனால் வள்ளிநாயகி அக்கா தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்து வைப்பார். வாயும் சும்மா இருக்காது.

"தம்பி, நீயாவது நிஜக் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறாய். இந்த மனுசன் என்னைப் பார்த்ததைவிட அந்த ஈயத் துண்டைப் பார்த்ததுதான் கூட. பூதக்கண்ணாடி வேற. எனக்கு ஒருநாள் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்திருப்பாரோ?"

"பார்த்தா நீ பயந்திடுவாய்" என்பார் அவர், தலை தூக்காமல்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சுஜி அண்ணன் மேசைக்கு வருவதை நிறுத்தினார். நாங்கள் போய்ப் பார்த்தோம். போகப் போக, பார்க்க வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். தலைமுடி இல்லாமல் யாரும் பார்க்கக் கூடாது என்று. பதினொரு மாதம் இழுத்தது. மண்டாய் தகனச் சாலையில் நாங்கள் நாலு பேரும் பின்வரிசையில் நின்றோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் புதிய பெட்டி. உள்ளே புதிதாகப் பதினொரு கப்பல்கள். திறந்ததும் எல்லாரும் அதன் மேல் குனிந்தோம்.

பச்சை. இலைப்பச்சை. போர்க்கப்பலுக்கு யாரும் அடிக்காத நிறம். அதுவும் அப்பிய மாதிரி. பீரங்கியெல்லாம் பெயின்டுக்குள் முழுகிக் கிடந்தது. சிலதில் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி வேறு.

முத்தலிப் பாய்தான் முதலில் வாய் திறந்தார். "அண்ணே, இது கப்பலா, பாவக்காயா?"

நாங்கள் வெடித்துச் சிரித்தோம். சுஜி அண்ணனும் சிரித்தார். அக்காவின் சாவுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அதற்குப் பெயரே பாகற்காய்ப் படை. "பாவக்காய் வருது, தள்ளு தள்ளு" என்று பாய் கத்துவார். "பாலா, எண்ணெய் காய வை, பொரிச்சிடலாம்!" என்பார் என்னிடம். சுஜி அண்ணன் ஒவ்வொரு தடவையும் சிரித்தார். ஒரு கப்பலையும் மூழ்க விடவில்லை. முன்பு ஒரு அடி விழுந்தால் திருப்புவார். இப்போது சுடுகிற தூரத்துக்குள்ளேயே வருவதில்லை.

நான் என்ன நினைத்தேன்? மனைவி போன துக்கத்தில் மனுஷனுக்குக் கை போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் வேலையில் அப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் அடித்ததை நாம் சத்தம் போடாமல் மறுபடி அடித்துவிடுவோம். மேற்பார்வையாளர் வருவதற்கு முன்பு முடித்துவிடுவோம். அது எங்களுக்குள் ஒரு மரியாதை.

போன வருடம் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஐந்து வாரம் நடக்க முடியாது. மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"இங்க மாடியில வச்சா எலி கிலி வரும். உன் வீட்டில வை, பாலா. பத்திரம்."

"என்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, விடுங்க" என்றேன்.

தீபாவளி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெரிய ஆட்டம் ஒன்று வைப்பது வழக்கம். வெளிக் கழக ஆட்களெல்லாம் வருவார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள். நாங்கள் கேலி செய்யலாம். அவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அண்ணன் படுக்கையிலிருந்து எழுந்து வருவதற்குள் முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டுச் சமையலறையில் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். பழைய பெயின்டின் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. இருபத்தெட்டு வருடப் பாடம் அது. முதலில் வெறும் உலோகம். பெயின்ட் கரைக்கிற மருந்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒவ்வொரு கப்பலாக ஊறப்போட்டு, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, பல்குச்சியால் இடுக்கில் குத்தி எடுத்தேன். தேய்க்கும் முன்பு ஒவ்வொன்றையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அதுவும் வேலைப் பழக்கம். எங்கே வழிந்திருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்காமல் எதையும் உரிக்க மாட்டேன். ஞாயிறு மத்தியானத்துக்குள் பதினொன்றும் பளபளவென்று ஈயமாக நின்றது. கிண்ணத்தில் பச்சைக் கூழ். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதால் ஒரு டப்பாவில் அடைத்து, திங்கட்கிழமை பட்டறையில் கழிவுப் பீப்பாயில் போட்டேன்.

பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தேன். சாம்பல், அவர் முன்பு அடிப்பாரே அதே சாம்பல். தளத்துக்கு மரநிறம். தண்ணீர்க்கோட்டில் மெல்லிய கறுப்பு. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை.

அவர் வீடு திரும்பியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு காத்தோங் போனேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "தெறங்கண்ணே" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திறந்தார். பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் செய்திட்டியோ?"

"ஒண்ணு விடல. வெறும் மெட்டல் வரைக்கும் எறக்கிட்டுத்தான் அடிச்சேன். இனி பத்து வருஷத்துக்கு உரியாது."

"நல்ல வேலை" என்றார். "நல்ல வேலை, பாலா. பிளேன்டீ குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு வந்தேன். ரயிலில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். அதை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை அவர் மகள் வினுஷா கூப்பிட்டாள். தெம்பனிஸில் புருஷனோடு இருக்கிற பெண். நல்ல பிள்ளை.

"அங்கிள், பேசலாமா? வேலையில இருக்கீங்களா?"

"சொல்லும்மா."

"அப்பா ரெண்டு நாளா சாப்பிடல. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார். நான் அந்த பாக்ஸைத் தெறந்து பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அங்கிள், அந்த கிரீன் ஷிப்ஸ் அம்மா பெயின்ட் பண்ணது. கீமோ டைம்ல. உங்களுக்குத் தெரியாதா?"

கையில் இருந்த பிரஷைக் கீழே வைத்தேன்.

"அம்மாவுக்கு விரலெல்லாம் மரத்துப்போச்சு அங்கிள். ஸ்பூன்கூட கீழ விழும். ஆனா பிரஷை மட்டும் குடுங்கன்னு கேட்டு வாங்கி அடிச்சாங்க. அப்பா சொல்லவே இல்லையா உங்ககிட்ட?"

"இல்லம்மா."

"ஓகே அங்கிள். உங்க மேல தப்பு இல்ல. நான் சும்மா..." என்று சொல்லி அழுதாள்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அப்படியே காத்தோங் போனேன். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. கதவு திறந்ததும் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழும்பு. கிரிட் எல்லாம் நிலத்தில கொட்டுது" என்றார்.

"ஏண்ணே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

"சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு எண்டு சொல்லியிருப்பீங்கள். முத்தலிப் பாவக்காய் எண்டு சொன்னான் பார், அதை அவ கேட்டிருந்தா எப்படிச் சிரிச்சிருப்பா! துக்க வீட்டு முகத்தோட யாரும் அதைப் பார்க்கக் கூடாது எண்டு நினைச்சன். என்ர பிழைதான்."

"இத சுரண்டிடவாண்ணே? இந்தச் சாம்பல?"

"சுரண்டி? உள்ளுக்கு என்ன இருக்கு?" பிறகு கேட்டார்: "அந்தப் பெயின்ட் எங்க?"

பட்டறைக் கழிவுப் பீப்பாயில் போட்டதைச் சொன்னேன். பீப்பாய் போன வாரமே லாரியில் போய்விட்டது என்பதையும் சொன்னேன். தலையாட்டினார்.

முத்தலிப் பாயின் தொலைபேசியில் ஆட்டம் நடக்கும்போது எடுத்த படங்கள் இருக்கின்றன. ஏற்கனவே அவரிடம் கேட்டு வாங்கியிருந்தார் அண்ணன். எங்கள் தொப்பையும் தலையும் தெரிகின்றன. நடுவில் பச்சைப் பொட்டு. பெரிதாக்கினால் கலைந்துபோகிறது.

"நான் அவ அடிச்சதைக் கிட்ட வச்சுப் பார்க்கேல்ல, பாலா" என்றார். "அவ அடிக்கேக்க அவவின்ர முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். பிறகு பார்க்கலாம் எண்டு நினைச்சன். பிறகு பார்க்கப் பயமாயிருந்தது. கண்ணாடியைக் கழட்டிப்போட்டுத்தான் மேசையில வைப்பன்." பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ஒவ்வொண்டையும் விளக்கடியில வச்சுக் கடைசியாப் பார்த்தது நீதான். சொல்லு."

"என்ன சொல்லண்ணே?"

"பார்த்ததைச் சொல்லு."

அடியில் ஒவ்வொன்றுக்கும் எண் கீறியிருப்பார், குமாஸ்தா பழக்கம். ஒன்றாம் எண்ணைக் கையில் எடுத்தேன். முன்மூக்கில் ஒரு சொட்டு வழிந்து, காய்ந்து, தொங்கிக்கொண்டிருந்தது என்றேன். ம் என்றார். இரண்டாவதில் ஒரே ஒரு பீரங்கியை மட்டும் ஊசியால் கீறிப் பெயின்டுக்கு வெளியே எடுத்திருந்தது.

"நான் சொல்லித்தான். ஒண்டை எடுத்தா. மிச்சத்தை நீங்க எடுங்கோ எண்டு படுத்திட்டா."

மூன்றாவதில் பக்கவாட்டில் வரிசையாக மஞ்சள் புள்ளி. எனக்கு அப்போது அது துருவைக் காட்டப் பார்த்துத் தவறிப்போன வேலை என்று பட்டது. அதைச் சொல்லாமல், மஞ்சள் புள்ளி இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

"யன்னல்" என்றார். "போர்க்கப்பலுக்கு யன்னல் இல்லையடி எண்டன். உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு நீங்கதானே சொல்லுறனீங்கள், இருட்டிலயா இருப்பினம் எண்டு கேட்டா."

நாலாவதில் பாதிக்கு மேல் பச்சை வெளிறியிருந்தது. டப்பா தீரப்போனதால் வெள்ளை கலந்தது என்றார். ஐந்தாவதில் அடிப்பக்கத்திலும் பெயின்ட், எண்ணே தெரியவில்லை. ஆறாவதுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது, ஒரே சீராக, மெல்லிசாக.

"அது நல்ல நாள்" என்றார். "அண்டைக்கு ரெண்டு இடியப்பம் சாப்பிட்டவ."

ஏழாவதை எடுத்தேன்.

ஒன்றும் வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து, அவையும் வரவில்லை. பெயின்ட் உரித்த அந்த ஞாயிறு காலையில் கை பழகிவிட்டது. நேரம் மிச்சம் பிடிக்க அந்த நாலையும் பெரிய கிண்ணத்தில் ஒன்றாக ஊறப்போட்டேன். பார்த்துத்தான் போட்டேன். பார்த்தது மனதில் நிற்கவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். வழிந்திருந்தது என்றோ புள்ளி இருந்தது என்றோ சொன்னால் அவருக்கு எப்படித் தெரியப் போகிறது? வாய் வரை வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

அந்த நாலையும் எடுத்துத் தனியாக ஒரு மூடியில் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. பதினொன்றாவதை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"இதுல பாதிதான் பச்சை. பின்னால வெறும் மெட்டல்."

"ஓம்" என்றார். அதை வாங்கி மற்ற ஆறோடு சேர்த்து வைத்தார்.

தீபாவளி ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு மாடி ஏறி வந்தார். சாம்பல் கப்பல்களில் நான் ஞாபகம் வைத்துச் சொன்ன ஏழு கப்பலை மட்டும் கொண்டுவந்திருந்தார். விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரியும். முத்தலிப் பாய் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், பாகற்காய் என்று யாரும் சொல்லவில்லை. முதல் அடி விழுந்தது. கப்பலைத் திருப்புவார் என்று காத்திருந்தோம். திருப்பவில்லை. நேராக ஓட்டிக்கொண்டே போனார். ஆறு கப்பல் மூழ்கியது. மூழ்கியவற்றை வரிசையாகத் துணிக்கு வெளியே அடுக்கி வைத்துவிட்டு, "நல்ல ஆட்டம்" என்றார்.

"அண்ணே, ஒண்ணையாவது திருப்பியிருக்கலாம்ல" என்று பாய் மெதுவாகச் சொன்னார்.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையே" என்றார் அவர்.

போன மாதம் ஒரு எண்ணெய்க் கப்பலின் அடியில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒருவன் காயாத பெயின்டில் கையை ஊன்றிவிட்டான். எங்கள் வேலையில் அது குறை. சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்போம், உரித்து மறுபடி அடிக்க வேண்டும். நான்தான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனேன். வட்டம் போடக் கை தூக்கியபோது, விளக்கடியில் நான் பார்த்தது திரும்ப வந்தது. இரண்டு புகைபோக்கி உள்ள கப்பல். அவர் படையில் அப்படி இருந்தது ஒன்றுதான், எட்டாம் எண். அதன் தளத்தின் ஓரத்தில், பச்சையில், ஒரு விரல் ரேகை. கோடு கோடாகத் தெளிவாக இருந்தது. அன்றைக்கும் அதைப் பார்த்து, குறை என்றுதான் நினைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரம் வரை பொறுக்க முடியவில்லை. கண்டெய்னருக்குப் பின்னால் போய் நின்று அண்ணனை அழைத்தேன். சொல்லலாமா என்று யோசித்தது அவர் எடுத்த பிறகுதான். அதைச் சொல்வது என்றால், அதையும் நான் தேய்த்து எடுத்தேன் என்று சொல்வது.

"அண்ணே, எட்டாம் நம்பர். ஞாபகம் வந்திருச்சு."

"சொல்லு."

"வெரல் பட்டிருந்துச்சு. காயறதுக்கு முன்னாடி. ரேகை அப்படியே விழுந்திருந்துச்சு."

பட்டறைச் சத்தத்தில் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எந்த விரல்?"

"சின்னதா இருந்துச்சுண்ணே. சுண்டுவிரலாத்தான் இருக்கணும். வலது ஓரத்துல."

"ஓம்" என்றார். "சுண்டுவிரலை ஊன்றித்தான் பிரஷ் பிடிப்பா. இல்லாட்டி கை நடுங்கும்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நடப்பது கேட்டது. ஏதோ திறக்கிற சத்தம், பிறகு ஈயத்தில் ஈயம் படுகிற சின்னச் சத்தம்.

"எட்டை எடுத்து மற்றதுகளோட வச்சிட்டன்" என்றார். "ஏழு, ஒன்பது, பத்து. யோசி, பாலா."

யோசிக்கிறேன். வேலையிலும் யோசிக்கிறேன், ரயிலிலும் யோசிக்கிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.